951, 955, 968: இனிப்பு மாத்திரை வாங்கும் முன்

பல்லடம் பேருந்து நிலையத்தை ஒட்டிய பேக்கரிகளில் காலை ஆறு மணிக்கு நல்ல கூட்டம். நைட் ஷிப்ட் முடித்த தறிக்காரர்கள், கறிக்கோழி வண்டிக்காரர்கள், முதல் பஸ்ஸுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி போகிறவர்கள். "மாஸ்டர், ரெண்டு வித்தவுட்" என்று ஒரு குரல் வரும். டீ கைக்கு வந்ததும், கேட்டவர் சட்டைப்பையிலிருந்து சின்ன வெள்ளை டப்பாவை எடுத்து ஒரு மாத்திரையைத் தட்டிப் போட்டுக்கொள்வார்.

என் சித்தப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். முப்பது வருடம் தறி ஓட்டியவர், இப்போதும் இரவில் தறிக் குடோனைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். போன முறை ஊருக்குப் போனபோது அவருடைய டப்பா மாறியிருந்தது. பச்சை இலைப் படம் போட்ட பாக்கெட்.

"இது மூலிகை, கண்ணு. ஒண்ணும் பண்ணாது. எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கலாம்னு கடையில சொன்னாங்க."

பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். பொருள் பட்டியலில் முதல் பெயர் எரித்ரிட்டால். இலைக்குரிய ஸ்டீவியா கடைசியில் இருந்தது. பட்டியலை எடையில் அதிகமானதில் தொடங்கி எழுத வேண்டும் என்பது சட்டம். முன்பக்கத்து இலைக்கு உள்ளே மிகச் சின்ன இடம்தான்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. ‘இயற்கை’, ‘மூலிகை’ என்ற ஆசை வார்த்தைகள் முன்பக்கத்தில் பெரிய தமிழில் இருக்கின்றன. எச்சரிக்கையெல்லாம் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில். உணவுப் பொட்டலத்து விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது விதி; தமிழில் போடுவது கம்பெனியின் விருப்பம். எட்டாம் வகுப்போடு தறிக்கு வந்த மனிதருக்கு அந்த எச்சரிக்கை எழுதியும் எழுதாததும் ஒன்றுதான். இந்த விதி மாற வேண்டும்.

அதுவரை எண்கள் கைகொடுக்கும். சேர்க்கைப் பொருளைப் பெயராலோ சர்வதேச எண்ணாலோ குறிக்க வேண்டும். 950 அசிசல்பேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 968 எரித்ரிட்டால். ஆறையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டால் போதும், எந்தக் கடையிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதிகம் பயமுறுத்தப்பட்டது 951. 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. சான்று குறைவாக உள்ள பிரிவு அது; ஆசிய நாடுகளில் மரபாக ஊறவைத்து உண்ணும் காய்கறிகளும் அதில் இருக்கின்றன. அதே நாளில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான நிபுணர் குழு, பழைய வரம்பான உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பதை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 2,400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் சுமார் 18 மில்லிகிராம் இருந்தால், ஆறு டீக்கு இரண்டிரண்டாகப் போட்டாலும் 216தான். வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. கொதிக்கும் பாயசத்தில் போட்டால் இதன் இனிப்புச் சிதைந்துவிடும். இறக்கி வைத்த பிறகே போட வேண்டும்.

சாக்கரினுக்கும் ஒரு காலத்தில் இதே கதி நேர்ந்தது. எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால் 1977இல் அமெரிக்காவில் பெரிய பரபரப்பாகி, டப்பாவில் எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். அந்த எலிகளின் சிறுநீரில் நடக்கும் மாற்றம் மனிதர்களுக்கு நடப்பதில்லை என்று தெரிந்ததும் 2000இல் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

சுக்ரலோஸைப் பற்றி நம் ஊருக்குப் பொருந்துகிற ஆய்வே இருக்கிறது. சென்னையில் டாக்டர் வி. மோகன் நிறுவிய மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், நீரிழிவு உள்ள 179 பேரிடம் டீ, காபியில் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் கொடுத்து 12 வாரம் பார்த்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவு கெடவில்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் சற்றுக் குறைந்தன. 12 வாரம் நீண்ட காலமல்ல என்பதையும் மனதில் வைக்க வேண்டும். உடம்பு இளைக்க வேண்டும் என்பதற்காக இந்த மாத்திரைகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. அந்த அறிவுரை ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானதல்ல. சர்க்கரை இல்லாத மருமகள், மாமனாரின் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு இளைக்கப் பார்க்கிறாளே, அவளுக்கானது.

சித்தப்பாவின் பாக்கெட்டில் இருந்த 968க்கு வருகிறேன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனை ஆய்வாளர்கள் 2023இல் ஒன்றைக் கவனித்தார்கள். ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்திருந்தன. ரத்தம் உறைவதையும் அது தூண்டுவதாகச் சோதனையில் தெரிந்தது. நம் உடம்பே எரித்ரிட்டாலைக் கொஞ்சம் உண்டாக்குவதால், உண்டதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஸ்டென்ட் வைத்தவரும் இதய நோய் உள்ளவரும் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றே நான் சொல்வேன். சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் இருக்கிறது. அன்றே அந்தப் பாக்கெட்டை மூடிவைத்தோம்.

‘சுகர் ஃப்ரீ’ என்று போட்ட பிஸ்கட்டிலும் ஏமாறுகிறோம். 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லை என்றுதான் அதற்குப் பொருள். மைதா மைதாதான், அது ரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் போய்ச் சேரும். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் இதே கணக்குதான். கொங்கு நாட்டில் இதைச் சொன்னால் கோபம் வரும். ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான்.

பொட்டலத்தில் பொய் இருந்தால் சும்மா விடத் தேவையில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். நமக்கு அருகில் கோவையில் ஆய்வகம் இருக்கிறது. சோதனையில் குற்றம் தெரிந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் உண்டு. புகாரை 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம், மாவட்ட நியமன அலுவலரிடம் எழுதியும் தரலாம். இழப்பீடு வேண்டுமென்றால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இதற்கெல்லாம் பில் வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். காலியான பாக்கெட்டையும் எறியாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயமான விஷயம் ஒன்று இருக்கிறது. சர்க்கரை வந்த வீட்டில் சர்க்கரை டப்பாவையே தூக்கிப்போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இன்சுலின் போடுகிறவருக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், இரவுச் சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் இனிப்பு மாத்திரை போட்ட டீ கொடுத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. நாக்குக்குத்தான் இனிப்பு, மூளைக்குப் போக அதில் குளுக்கோஸ் கிடையாது. மூன்று ஸ்பூன் நிஜச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

தறிச் சத்தத்தில் ஒருவர் குழறிப் பேசுவது பக்கத்துத் தறிக்காரருக்குக் கேட்காது. இதைச் சொன்னதும் சித்தி உள்ளே போய் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரையை நிரப்பிக் கொண்டுவந்தார். மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் பெரிதாக எழுதினார்: ‘கை நடுங்குனா இது. மாத்திரை இல்லை.’ இப்போது அது குடோனில், தறி ஓரத்துப் பலகையில் இருக்கிறது.