பச்சையாய் ஒளிரும் பழுது

1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் இடிந்து, இரண்டே ஆண்டுகளில் பீகாரத்துப் புசா கிராமத்திலிருந்து டில்லிக்குக் குடிபெயர்ந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் வழங்கும் புசா ரோடில், கோடைக்காலப் புழுதிக் காற்று வீசும்போது கண்ணைக் கசக்காமல் நடப்பவர் அரியர். தூசி இன்னும் உள்ளே கிடக்கிறதா, அது போய்க் கீறல் மாத்திரம் மிஞ்சியதா என்பதைக் கண்ணுக்குடையவரால் சொல்ல இயலாது. இரண்டும் ஒரே விதமாகத்தான் உறுத்தும்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பது, ஜெர்மன் ரசாயன நிபுணர் அடால்ஃப் வான் பேயர் 1871-இல் உண்டாக்கிய ஃப்ளோரசின் என்னும் சாயம். அது தோய்ந்து உலர்ந்த காகிதத் துண்டின் ஆரஞ்சு நிற நுனியை ஒரு சொட்டு உப்பு நீரால் நனைத்து, கீழிமையைச் சற்றே இழுத்து, அதன் உட்புறத்தில் தொட்டு எடுக்கும் கண் டாக்டர், நாலைந்து முறை இமை கொட்டச் சொல்லிவிட்டு, ஸ்லிட் லாம்ப்பின் நீல வெளிச்சத்தைக் கண்மேல் செலுத்துகிறார். நீலக் கிரணத்தை உண்டு பச்சைக் கிரணத்தை உமிழ்வது இச்சாயத்தின் சுபாவம்.

கருவிழியின் மேல்தோலில் உயிரணுக்கள் நெருங்கிக் கைகோத்து நிற்கும்வரை சாயம் உள்ளே புக வழியில்லை. அணுக்கள் உதிர்ந்த இடத்தில்தான் அது தேங்கி ஜ்வலிக்கிறது. ஆகவே கீறல் பச்சைக் கோடாகவும், வறட்சி பொடிப் புள்ளிகளாகவும், ஹெர்பிஸ் கிருமியின் புண் கிளைவிட்ட மரமாகவும் தெரிகின்றன. கண்ணீரின் நிலையும் இதிலேயே விளங்கும்: இமை கொட்டாமல் விழித்திருக்கையில், பச்சைப் படலம் 10 விநாடிக்குள் கிழிந்து கருந்திட்டுகள் தோன்றினால், கண்ணீர்ப் படலம் உறுதியற்றது என்று கொள்வர்.

நகரத்துத் தூசியைவிடக் கழனியின் நெல்தாள் பொல்லாதது. அது கீறிய இடத்தில் கிருமி புகுந்து புண்ணானால் பார்வையே போய்விடலாம். நேபாளத்துப் பக்தபூரில் 1990-களின் தொடக்கத்தில், கிராமத் தொண்டர்கள் கண்ணில் அடிபட்டவர்களைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்ப, அங்கே டாக்டர் கீறலைக் கண்டறிந்து களிம்பு இட்டார். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. கிராமத் தொண்டர்களே இந்தக் காகிதத்தையும் நீல டார்ச்சையும் கொண்டு கீறலைக் கண்டறிந்து களிம்பு இடும் முறையை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் பின்னர்த் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மேற்கொண்டனர்.

பரிசோதனை முடிந்து வீடு திரும்பியவர், மூக்கைச் சிந்திய கைக்குட்டையில் மஞ்சள் கறையைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. கண்ணிலிருந்து நாசிக்குக் கண்ணீர் இறங்கும் வாய்க்கால் தூர்ந்துபோகவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.