சாம்ரிக்குள் ஒரு இன்ஜினியர்

"அண்ணாச்சி, இது மாஸ்க்தானே?" என்று செல்போனை நீட்டினான், சாயர்புரம் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி. பழைய இந்திப் பேய்ப்படம் ஒன்றின் துண்டுக்காட்சி. பூச்சும் மாவும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அந்தத் தாடையும் நெற்றியும் மனிதருடைய சொந்த எலும்பு என்றேன். அவன் நம்பவில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அவர் பெயர் அனிருத் அகர்வால். சில படங்களில் அஜய் அகர்வால் என்று பெயர் வரும். டேராடூன்காரர், ரூர்க்கியில் பொறியியல் படித்தவர். 1984-ல் வந்த 'புரானா மந்திர்' படத்தில் சாம்ரி என்ற பிசாசாக வருபவர் இவர்தான். ராஜா ஒருவர் சாம்ரியின் தலையை வெட்டிப் பெட்டியில் பூட்டி, உடலைத் தனியே புதைத்து வைக்கிறார். அவன் விட்ட சாபத்தால் அந்த வம்சத்துப் பெண்கள் பிரசவத்தில் சாகிறார்கள். இருநூறு வருஷம் கழித்துத் தலையும் உடலும் சேர்ந்துகொள்கின்றன. படம் அந்த வருஷத்தின் பெரிய வசூல் படங்களில் ஒன்று.

எடுத்தவர்கள் ராம்சே சகோதரர்கள், ஏழு பேர். அப்பா எஃப். யு. ராம்சே கராச்சியில் ரேடியோக் கடை வைத்திருந்து, பிரிவினையின்போது பம்பாய்க்கு வந்தவர். 1970-ல் அவர் தயாரித்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' ஓடவில்லை. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் முகமூடி மாட்டிக்கொண்டு திருட வருகிற ஒரு காட்சிக்கு மட்டும் தியேட்டர் நடுங்கியது. மகன்கள் அதைக் கவனித்தார்கள். ஒரு காட்சிக்கு வருகிற ஜனம் முழுப் படத்துக்கும் வராதா என்ற கணக்கில்தான் 1972-ல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' பிறந்தது. குடும்பத்தோடு மகாபலேஷ்வருக்குப் போய், விடுதியில் தங்கி, சுமார் நாற்பது நாளில், மூன்றரை லட்சம் ரூபாயில் முடித்தார்கள். எழுத்து ஒருவர், கேமரா ஒருவர், ஒலி ஒருவர், எடிட்டிங் ஒருவர் என்று அண்ணன் தம்பிகளே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இயக்கம் துளசியும் ஷியாமும். பெரிய நட்சத்திரத்துக்குக் கொடுக்கப் பணம் கிடையாது. அதனால் போஸ்டரில் ஹீரோவைவிடப் பிசாசு பெரிதாக இருக்க வேண்டும். அப்படியொரு பிசாசைத் தேடியவர்களுக்குத்தான் ஆறடியைத் தாண்டிய இந்த இன்ஜினியர் கிடைத்தார்.

"அந்த முகம் எப்படி அப்படி?" என்றான் தம்பி.

மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. தனக்கு அதில் கட்டி இருந்ததாக அகர்வாலே பேட்டியில் சொல்லியிருக்கிறார். இந்தச் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஒரு வகை, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும். வளரும் வயதில் வந்தால் ஆள் நெடுநெடுவென்று உயர்ந்துவிடுவார். எலும்பு முற்றிய பிறகு வந்தால் உயரம் கூடாது; தாடை, புருவமேடு, மூக்கு, கை, கால் எல்லாம் மெல்லமெல்லப் பெருக்கும். மோதிரம் இறுகும், செருப்பு அளவு மாறும். தினமும் பார்க்கிற வீட்டாருக்கே தெரியாமல் வருஷங்கள் ஓடிவிடும். பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மூக்கு வழியாகவே அறுவை செய்து எடுக்கலாம். விட்டுவிட்டால் இதயத்தைக் கெடுக்கும். வீட்டில் யாருக்காவது முப்பது, நாற்பது வயதுக்கு மேல் செருப்பு அளவு ஏறிக்கொண்டே போனால் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன்.

ஹாலிவுட்டில் ரோண்டோ ஹாட்டனுக்கு வந்தது இந்த வியாதிதான். ஃப்ளோரிடாவில் பத்திரிகை நிருபராக இருந்தவர், முதல் உலகப்போரில் சண்டையிட்டவர். முகம் மாறிய பிறகு சினிமா அவரைக் கொலைகாரனாக்கியது. 1944-ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் படமான 'தி பேர்ல் ஆஃப் டெத்' அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. திருட்டுப்போன ஒரு முத்தைச் சுற்றிய கதை. மேக்கப்பே வேண்டாத பயங்கரம் என்று ஸ்டூடியோ அவரை விளம்பரப்படுத்தியது. 1946 பிப்ரவரியில், 51 வயதில், மாரடைப்பில் இறந்தார். அவர் முக்கிய வேஷத்தில் நடித்த 'ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்', 'தி ப்ரூட் மேன்' இரண்டும் அதற்குப் பிறகுதான் திரைக்கு வந்தன. ஒரு மனிதனின் நோயைப் போஸ்டரில் போட்டு விற்றதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் விரதமிருந்து காளி வேஷம் கட்டுகிறார்கள். சூரசம்ஹாரம் முடிந்தால் காப்பை அவிழ்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடலாம். அகர்வாலுக்கு அந்த வசதி இல்லை. 1985-ல் 'சாம்ரி' என்ற பெயரிலேயே முப்பரிமாணப் படம் வந்தது. 1990-ல் 'பந்த் தர்வாஸா'வில் ரத்தம் குடிக்கும் நேவ்லா. பிறகு ராம்சேக்கள் தொலைக்காட்சிக்கு நகர்ந்து, 1993-ல் 'ஜீ ஹாரர் ஷோ' தொடங்கியது. அங்கேயும் இவர் பேய்தான். சாதாரண அப்பா வேஷமோ கல்லூரி வாத்தியார் வேஷமோ கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

1994-ல் இரண்டு பெரிய படங்கள். ஸ்டீபன் சோமர்ஸின் 'தி ஜங்கிள் புக்' ஒன்று. சேகர் கபூரின் 'பண்டிட் குயீன்' இன்னொன்று. அதில் கொள்ளைக் கூட்டத் தலைவன் பாபு குஜ்ஜர். அங்கே கோரைப்பல்லும் இல்லை, சிவப்புக் கண்ணும் இல்லை. ஆனாலும் அவர் படங்களிலேயே என்னை அதிகமாகப் பயப்படுத்தியது அந்த வேஷம்தான். முகம் வாய்ப்பு வாங்கித் தந்திருக்கலாம். எதிரே நிற்பவரைப் பார்வையாலேயே ஒடுக்குகிற அந்த நிற்பு, நடிகர் உழைத்துச் செய்தது. சாம்ரியிலும் அது இருந்தது. பேய்ப்படம் என்பதால் யாரும் அதை நடிப்பு என்று எண்ணவில்லை.

"அப்ப எதை முதல்ல பாக்க?" என்றான் தம்பி. 'புரானா மந்திர்' பார், சாம்ரி வருகிற இடத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார் என்றேன். பின்னணி இசை போன பிறகும் பயம் மிச்சமிருந்தால், அது அனிருத் அகர்வாலுடையது.