வழுப்பதிவுக் கருவியும் அதன் தேர்வும்

திணை, பால் முதலியன தம்முள் மயங்குதலை வழு என்றும், மயங்காது நிற்றலை வழாநிலை என்றும், வழுவாயினும் ஒரு காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுதலை வழுவமைதி என்றும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். கணிப்பொறி நிரல்களில் நேரும் பிழையைக் குறிக்கவும் இந்நாளில் வழு என்னும் இச்சொல்லே வழங்குகின்றது. ஆங்கிலத்தார் அதனைப் பூச்சி என்பர். 1947-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியொன்றில் சிக்கிய அந்துப்பூச்சியே அப்பெயர்க்குக் காரணம் எனப் பலரும் கூறுவர். அது பொருந்தாது, பொறிகளின் குறையைப் பூச்சி என்னும் வழக்கினை எடிசன் 1878-இலேயே ஆண்டுள்ளார். ஆயினும் அந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. பூச்சியைக் கண்டவர் அதனை எறிந்துவிடாது, நாளும் நேரமும் குறித்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தனர். வழுவைக் களைதல் வேறு. களைந்தமைக்குச் சான்று வைத்தல் வேறு. இப்பின்னதற்கு உரிய கருவியை ஒரு குழுவினர் எவ்வாறு தேர்தல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

வழுப்பதிவு ஒவ்வொன்றும் ஓர் எண் பெறும். வழுவைக் கண்டவர் யார், எப்பதிப்பில் கண்டார், எவ்வாறு செய்யின் அது மீண்டும் தோன்றும், எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது என்பன அதன்கண் இடம்பெறும். பின்னர் அதனைத் திருத்தும் பொறுப்பினை ஒருவர் ஏற்பர். இறுதியில், திருத்தப்பட்டது என்றோ, முன்னரே பதியப்பெற்றது என்றோ, வழுவே எனினும் இன்ன காரணத்தால் விடப்படுகின்றது என்றோ முடிவு எழுதப்படும். இவற்றுள் இறுதியில் நின்றது நம் வழுவமைதியோடு ஒத்து நோக்கத்தக்கது. அவ்வமைதிக்குரிய காரணம் நிரலில் பெரும்பாலும் காணப்படாது, பதிவிலேயே காணப்படும். நிரலை நூற்பா எனக் கொள்ளின், பதிவு அதற்கு உரையாகும். உரை மறைந்தவழி நூற்பா இருள்படுதல் நாம் அறிந்ததே.

இனி, உண்மையில் நிகழ்ந்த தேர்வு ஒன்றனைக் காண்போம். கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட பைதான் என்னும் நிரல்மொழி, பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பால் வளர்வது. அக்குழுவினர் தம் வழுப்பதிவுகளைச் சோர்ஸ்போர்ஜ் என்னும் பொதுத்தளத்தில் வைத்திருந்தனர். அதன் குறைபாடுகளைப் பொறாது, 2006-இல் வேறு கருவி தேட முற்பட்டனர். ஜிரா, ரவுண்டப், டிராக், லாஞ்ச்பேட் என்னும் நான்கும் ஆய்வுக்கு வந்தன. சிறப்புகளை ஏட்டளவில் ஒப்பிடுதலோடு அவர்கள் அமையவில்லை. தம் பழைய பதிவுகளையே ஒவ்வொன்றிலும் ஏற்றிப் பார்த்தனர். இம்முறை போற்றத்தக்கது. வெறுங்கருவி எதுவும் அழகாகவே தோன்றும். பழஞ்சுமையை ஏற்றியவழியே அதன் வலிமை புலனாகும்.

தேர்வுக்குழு ஜிராவையே முதலிற் பரிந்துரைத்தது. அஃது அட்லாசியன் நிறுவனத்தின் வணிகப் பொருள், மூலநிரல் வெளிப்படாதது. ஆயினும் அதனைப் பேணும் பொறுப்பினைப் பிறர் ஏற்க முன்வந்தமையால் குழுவினர்க்குச் சுமை குறைவு. ரவுண்டப்போ பைதானிலேயே எழுதப்பட்டது, கட்டற்றது. எனினும் அதனைப் பேண ஆறு முதல் பத்துப் பேர் வரை வேண்டும் எனவும், அன்னோர் முன்வரின் ரவுண்டப்பையே கொள்ளலாம் எனவும் தேர்வுக்குழு அறிவித்தது. வேண்டிய தன்னார்வலர் முன்வந்தனர். 2007-இல் ரவுண்டப் பயன்பாட்டிற்கு வந்தது. எக்கருவி சிறந்தது என்னும் வினா, யார் அதனைப் பேணுவர் என்னும் வினாவாக ஈண்டு மாறியமை காண்க. கொள்கைப் பற்று மட்டும் அமையாது. அதற்குரிய உழைப்பும் உடன்வருதல் வேண்டும் என்பதே அவ்வறிவிப்பின் பொருள்.

அவ்வுழைப்பு என்றும் ஒருபடித்தாய் நில்லாது. 2017-இல் பைதானின் மூலநிரல் கிட்ஹப் தளத்திற்குப் பெயர்ந்தது. நிரல் ஓரிடத்தும் பதிவு வேறிடத்துமாயின. ரவுண்டப்பைப் பேணுவோர் சிலரே எஞ்சினர். பதிவுகளையும் கிட்ஹப்பிற்கே கொண்டுசெல்லல் வேண்டும் என மரியாட்டா விஜயா முன்மொழிந்தார். உள்ள கருவியைத் திருத்திக்கொள்ளலே தக்கது எனவும், தனியார் நிறுவனம் ஒன்றனைச் சார்தல் நன்றன்று எனவும் மறுப்பு எழுந்தது. அம்மறுப்புப் புறந்தள்ளத்தக்கதன்று; எனினும் பேணுவார் இன்மை அதனினும் வலிய காரணமாயிற்று. முன்மொழிவு 2019-இல் ஏற்கப்பட்டு, 2022-இல் நிறைவேறியது. இடம் மாறியபோது பதிவெண்களும் மாறின. ஆனால் பழைய எண்ணைக் கொண்டு தேடுவார் புதிய பதிவை அடைய வழி செய்யப்பட்டது. பழைய தளமும் படித்தற்கு மட்டும் உரியதாய்ப் பேணப்பட்டது.

இவ்வரலாற்றால் மூன்று அளவைகள் பெறப்படும். முதலாவது, கருவியைப் பேணுவோர் யாவர், அவர் நிலைப்பரோ என்பது. இரண்டாவது, வழுவைக் கண்டவர், நிரலறியாதவரே ஆயினும், இடர்ப்படாது பதிதல் கூடுமோ என்பது. பதிதற்கு அரிதாயின், வழு இருப்பவும் ஏடு வெறுமையாய் நிற்கும். மூன்றாவது, வெளியேறும் நாளில் பதிவு முழுவதையும் எண்ணும் இணைப்பும் சிதையாது எடுத்துச் செல்லல் இயலுமோ என்பது.

இவற்றுள் மூன்றாவதனையே நாம் தலையாயதாகக் கருதுகின்றோம். ரவுண்டப்பின் ஆட்சி பதினைந்தாண்டிற்குள் முடிந்தது. அதன்கண் எழுதப்பட்ட காரணங்களோ இன்றும் படிக்கப்படுகின்றன. கருவி மாறும், பதிவு மாறாது நிற்றல் வேண்டும். ஏடு பெயர்த்து எழுதினோர் விட்ட இடங்களை நிரப்பமாட்டாது இன்றும் இடர்ப்படும் நாம் இதன் அருமையை நன்கு உணர்வோம். ஆதலின், கருவியைத் தேர்வோர் அதனுள் புகும் வழியை ஆராயுமுன், அதனினின்று வெளியேறும் வழியை ஆராய்தலே முறையாம்.