மூலிகைக்குள் வாழும் நுண்ணுயிர்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாக மூலிகைகளை இனங்கண்டு பயன்படுத்தி வருகின்றனர். இத்தகைய மூலிகைகளின் உள்ளே வாழும் நுண்ணுயிர்களை உயிரித் தொழில்நுட்பம் இன்று ஆராய்கிறது.

பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இலை, தண்டு, வேர் ஆகியவற்றினுள் செடிக்குத் தீங்கின்றி வாழ்கின்றன. அவற்றுள் சில, செடி தரும் மருந்துப் பொருளையே தாமும் உண்டாக்கவல்லவை. புற்றுநோய் மருந்தான டாக்சாலைப் பசிபிக் யூ மரத்துப் பூஞ்சையொன்றும் மிகச் சிறிதளவில் தருவதாக 1993 இல் அறிவிக்கப்பட்டது. இவ்வகைப் பூஞ்சையை ஆய்வுக்கூடத்தில் பெருக்கிப் போதிய மருந்தெடுக்க இயலுமாயின், செடிகள் வேரோடு பிடுங்கப்படுவது குறையும். ஆயினும் ஆய்வைத் தொடங்கச் சில இலைகளே போதும்; பின்னர் மலையேற வேண்டியதில்லை. செடியைக் காட்டித் தந்தவர் மறக்கப்பட்டுவிடலாம்.

மறவாமைக்கும் முன்மாதிரி உண்டு. காணிப் பழங்குடியினர் அறிவித்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கிய திருவனந்தபுரம் ஆய்வு நிறுவனம், உரிமத் தொகையில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கியது. 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் நுண்ணுயிர்களையும் உயிரியல் வளமாகவே கொண்டு, பயன்பகிர்வை விதித்தது.

இப்னுல் பைத்தார் (மறைவு 1248) தம் மூலிகை நூலில் முன்னோர் கூற்றுகளை அவரவர் பெயருடனேயே பதிந்தார். அறிவு ஓர் அமானிதம். ஒப்படைத்தவரின் பெயரும் பங்கும் அதனோடு சேர்ந்தவை. கல்வராயன் மலையிலிருந்து எடுக்கப்படும் ஓர் இலைக்கும் இது பொருந்தும்.