தலைநகரில் ஒரு புதிய மாணவர்

ஆண்டுதோறும் ஆடி மாதம் பிறந்துவிட்டால், சென்னையிலிருந்து தில்லி நோக்கி வரும் ரயில்வண்டிகளில் ஒரு புதிய கூட்டத்தைக் காணலாம். ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் பிரயாணம். வண்டியிலேயே இரண்டு இரவுகள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் நிறைந்த பை, மார்போடு அணைத்த சான்றிதழ்க் கோப்பு ஆகியவற்றுடன் வந்திறங்கும் இவ்விளைஞர்களும் யுவதிகளும் முதுகலை வகுப்பிலோ ஆராய்ச்சிப் பிரிவிலோ இடம் பெற்றவர்கள். இடம் கிடைத்ததில் அவர்களுக்குப் பெருமை. ஊர் எப்படி இருக்குமோ என்பதில் அச்சம். அவர்களுள் ஒருவரேனும் நம்மில் பலருடைய முகவரியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஆகவே, புதிய ஊரில் ஒரு மாணவர் வேரூன்றுவது எங்ஙனம் என்பது அவர்கள் மட்டும் அறிய வேண்டிய செய்தியன்று; இங்கே குடியேறி வாழும் நாமும் அறிய வேண்டியதாகும்.

முதலில், ஊரை விட்டுப் புறப்படுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படித்து முடித்த பல்கலைக்கழகத்திலிருந்து இடப்பெயர்வுச் சான்றிதழையும், தற்காலிகப் பட்டச் சான்றிதழையும் பெற்றுக்கொள்ள வேண்டும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி: தமிழ்நாட்டில் வழக்கமாகப் பெறும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசின் கல்வி நிலையங்களில் செல்லாது. மத்திய அரசு வகுத்துள்ள படிவத்தில், வருமான வரம்பு முதலிய விவரங்களுடன், வேறொரு சான்றிதழ் பெற வேண்டும். இதனைச் சேர்க்கை அலுவலகத்தின் வாயிலில் நின்றுகொண்டு முதன்முதலாகக் கேள்விப்படுவோர் பலர். தாசில்தார் அலுவலகமோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்!

அடுத்தது தங்குமிடம். விடுதியில் எல்லோருக்கும் உடனே இடம் கிடைப்பதில்லை. வட வளாகத்தில் படிப்போர் கமலா நகர், விஜய் நகர் பகுதிகளிலும், தெற்கே படிப்போர் முனீர்க்கா, பேர் சராய், கட்வாரியா சராய் ஆகிய இடங்களிலும் அறை தேடுவது வழக்கம். வாடகை ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்திற்கே எழுதுவார்கள். இதில் சூது ஒன்றுமில்லை. ஓராண்டுக்கு மேல் நீளும் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விதிப்பதால் ஏற்பட்ட பழக்கம் இது. முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். தண்ணீர் எந்த நேரத்தில் வரும்? மின்சாரத்திற்கு யூனிட் ஒன்றுக்கு என்ன கணக்கு? காலி செய்யும்போது முன்பணத்தில் எதைக் கழிப்பீர்கள்? இவற்றைக் கூச்சமின்றிக் கேட்டு, விடையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வது நலம். மொட்டை மாடியில் தனித்து நிற்கும் அறை வாடகை குறைவென்று மயக்கும். வைகாசி வெயிலில் அதன் உண்மையான விலை தெரியும்.

உதவித்தொகை பெறுவோர் பணக் கணக்கிலும் முன்யோசனையோடு இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நல்ல தொகைதான். எனினும் முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகக்கூடும். அதுவரை சமாளிக்கக் கையிருப்பு இல்லையெனில், கடன் வாங்கும் சங்கடம் நேரும்.

இனி மொழி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் சற்று அநுபவம் உண்டு. இந்தியில் உணவுக்கும் பாட்டுக்கும் உள்ள சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'கானா' என்றே வரும். வல்லோசையை அழுத்திச் சொல்லாவிட்டால், உணவு விடுதியில் பாட்டுக் கேட்டவராவோம். 'கல்' என்ற ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லைக் கேட்ட பின்னரே காலம் விளங்கும். இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழைகள். சிரிக்க முடியாத பிழை ஒன்றுண்டு. நண்பர்களிடமிருந்து 'தும்' என்பதைக் கற்றுக்கொண்டு, அதனையே வீட்டுக்கார அம்மாளிடமும் சொல்லிவிடுவது அது. பெரியோரையும் அறிமுகமற்றோரையும் 'ஆப்' என்றே அழைக்க வேண்டும். பெயரோடு 'ஜி' சேர்ந்தால் இன்னும் நலம். இலக்கணம் தவறினாலும் மரியாதை தவறாதவனுக்கு இவ்வூரார் வழிகாட்டத் தயங்குவதில்லை.

தட்பவெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோடையில் 45 டிகிரியைத் தொடும் இதே ஊர், மார்கழி, தை மாதங்களில் சில இரவுகள் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். தீபாவளிக்குப் பிறகு குளிர் படிப்படியாக ஏறும். ஆகவே ரஜாய் எனப்படும் பஞ்சு மெத்தைப் போர்வையை அதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று அசையாது நிற்க, வாகனப் புகையும் வயல்களில் தாளைக் கொளுத்தும் புகையும் ஊரின் மேல் கவியும். இழைப்பு நோய் உள்ளவர்கள் மருந்தின்றி இருத்தலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக ஓர் எச்சரிக்கை: குளிருக்கு அஞ்சிக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு கரியடுப்பை மூட்டி உறங்கலாகாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை; உறங்குபவர் விழிப்பதற்கு முன்பே உயிரைக் கொண்டுபோய்விடும்.

ஆனால் அறையும் போர்வையும் அமைந்துவிட்டால் மட்டும் மாணவர் ஊரில் நிலைத்துவிட்டார் என்று கொள்வதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து ஆராய்ச்சிக்காக ஓர் இளைஞர் வந்தார். நமக்குத் தூரத்து உறவு. வந்த புதிதில் ஒரு நாள் வீட்டிற்கு வந்து உணவருந்திச் சென்றார். "எப்போது வேண்டுமானாலும் வா, தம்பி" என்று சொல்லி அனுப்பினோம். பிறகு அவர் வரவேயில்லை. படிப்பில் மூழ்கியிருக்கிறார் என்று எண்ணி நாமும் இருந்துவிட்டோம். மார்கழியில் ஒரு மாலை, மெலிந்த முகத்துடன் வாயிலில் வந்து நின்றார்.

"மாமா, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இருக்கிறேன். சீட்டு வாங்கிவிட்டேன்" என்றார்.

நடந்தது இதுதான். வழிகாட்டியான பேராசிரியர் முதற் சந்திப்பில் சில நூல்களின் பெயரைச் சொல்லிப் படிக்கச் சொல்லியிருந்தார். அதன்பின் இரண்டு மாதமாக அழைக்கவில்லை. தம்மை அவருக்குப் பிடிக்கவில்லை என்று இளைஞர் முடிவு கட்டிவிட்டார். வகுப்பில் ஆசிரியர் அழைத்துப் பெயர் சொல்லிக் கேட்டே பழகியவர் அவர். ஆராய்ச்சியிலோ மாணவர்தாம் ஆசிரியரைத் தேடிச் செல்ல வேண்டும். மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள். வழக்கமான மேலெல்லை ஆறு ஆண்டுகள். இத்தனை நீண்ட பாதையில் மாணவர் கேட்டாலன்றி, அவர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

"நீ போய்க் கேட்டாயா?" என்றோம்.

"அவர் கூப்பிடவில்லையே, மாமா."

படித்தது என்ன, விளங்காதது என்ன, அடுத்துச் செய்ய விரும்புவது என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதி, கால்மணி நேரம் கேட்டுப் பெறுமாறு சொன்னோம். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். "நீ எப்போது வருவாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாராம் பேராசிரியர். பொங்கலுக்கு அந்த இளைஞர் ஊருக்குச் சென்றது உண்மை. ஆனால் திரும்பி வருவதற்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு சென்றார்.

இதில் நம்முடைய பிழையையும் மறைப்பதற்கில்லை. 'எப்போது வேண்டுமானாலும் வா' என்ற அழைப்பு, கூச்சமுள்ள பிள்ளைக்கு அழைப்பே ஆகாது. 'வருகிற ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு வா. சாம்பார் காத்திருக்கும்' என்று சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார். இரண்டு மாதம் தனிமையில் வாடியிருக்க மாட்டார். அதுமுதல் நாம் நாளும் நேரமும் குறித்தே அழைக்கிறோம்.

தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911-இல் அறிவிக்கப்பட்ட பின்னர், உத்தியோகத்தின் பொருட்டு இங்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் ஒருவரையொருவர் தாங்கியே நிலைபெற்றன. 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் அத்தகைய துணையின் பயனேயாகும். ராமகிருஷ்ணபுரத்திலுள்ள அதன் நூலகத்திற்கு ஒரு புதிய மாணவரை நாமே அழைத்துச் சென்று காட்டலாம். ஆயினும் தமிழர் வட்டத்திற்குள்ளேயே அவரை அடைத்து வைத்துவிடலாகாது. பஞ்சாபியரும் வங்காளியரும் மலையாளியரும் அவருடைய அறைத்தோழர்களாகட்டும். ஞாயிறுதோறும் நம் வீடு அவருக்கு ஓர் இளைப்பாறும் திண்ணையாக இருந்தால் போதும்.

பேச்சுக் குறைந்து, உணவும் உறக்கமும் குன்றிக் காணப்படும் மாணவரிடம் நாமே முந்திக்கொண்டு கேட்க வேண்டும். மனச்சோர்வு மிகுந்தால், 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்; தமிழிலும் பேசுவார்கள்; கட்டணம் இல்லை.

புதியவர் கேட்பதற்குக் கூசுகிறார். பழையவர் தொந்தரவாகுமோ என்று கேளாதிருக்கிறார். இவ்விரு மௌனங்களுக்கும் நடுவேதான் பல பிள்ளைகள் முதல் மார்கழியில் பெட்டியைக் கட்டுகிறார்கள். இவ்வாண்டு நம் தெருவிலோ அடுத்த தெருவிலோ அறை எடுத்திருக்கும் மாணவர் யார் என்று விசாரிப்போமாக. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கே ஒரு நேரம் குறித்து அவரை அழைப்போமாக.