எம்.எல்.ஏ. ஆகலாம், செக்யூரிட்டி ஆக முடியாது

திருப்பூர் காதர்பேட்டை பனியன் கடைகளுக்குச் சரக்கு தைத்துத் தரும் பவர் டேபிள்களில் பழைய கதையை யாரும் பெரிதாகக் கிளறுவதில்லை. பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் ஓட்டத் தெரிந்தால் போதும். கூட்டி வந்தவரின் வாய்ச்சொல்லே சான்றிதழ். தைத்துவந்த ஆளுக்கு வயதாகி, கண் மங்கி, ஏதாவதொரு எக்ஸ்போர்ட் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக உட்காரலாம் என்று ஏஜென்சிக்குப் போகும்போதுதான் வில்லங்கம்.

கொலை முயற்சி வழக்கில் ஏழாண்டு சிறையிருந்து வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரை ஏஜென்சிகள் காவலராகச் சேர்க்கக் கூடாது என்கிறது 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம். எத்தனை ஆண்டு கழித்துச் சேர்க்கலாம் என்று அதில் பேச்சே இல்லை. அதே மனிதர் விடுதலையாகி ஆறு ஆண்டு கடந்தால் சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. சட்டம் படித்தவராக இருந்தால், விடுதலைக்கு இரண்டு ஆண்டுக்குப் பின் வழக்கறிஞராகப் பதிவு செய்ய இருந்த தடையும் நீங்கிவிடும். பாஸ்போர்ட்டுக்குக்கூட, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டுக்குள் வந்த தீர்ப்பைத்தான் காரணமாகக் காட்ட முடியும். கோட்டைக்கும் கறுப்பு அங்கிக்கும் கெடு வைத்த நாடாளுமன்றத்துக்கு வாட்ச்மேன் ஞாபகம் வரவில்லை.

பதிவையே அழித்துவிட முடியாதா? வயது வந்தவர்களுக்கு அப்படியொரு பொது வழி இந்தியாவில் இல்லை. 18 வயதுக்குள் நடந்த குற்றமென்றால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பதிவை அழிக்கச் சொல்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரித்துத் தண்டிக்கப்பட்ட 16 வயது கடந்தவர்களுக்கு அதுவும் கிடையாது. வயது வந்த குற்றவாளிகளின் கைரேகையையும் பிற அடையாளங்களையும், 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டு வைத்திருக்கலாம்.

முன்விடுதலை வேறு, குற்றம் நீங்குவது வேறு. தண்டனைக் குறைப்பு தீர்ப்பைத் தொடாது, முழு மன்னிப்புதான் தொடும் என்று 1960-இல் அசாம் தேர்தல் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனை 2022 மே 18 அன்று அதே நீதிமன்றம் விடுவித்தபோது முடிந்தது சிறைவாசம்தான். குற்றவாளி என்ற தீர்ப்பு ரத்தாகவில்லை.

கனடாவில், பெரிய குற்றமானாலும் தண்டனை முடிந்து பத்து ஆண்டு ஒழுங்காக இருந்தவர் பதிவை ஒதுக்கிவைக்க விண்ணப்பிக்கலாம். ஆயுள் தண்டனைக்கு அங்கும் விலக்கில்லை.

இங்கே நம்பக்கூடிய வழி மேல்முறையீடு. சொத்துக் குவிப்பு வழக்கில் 2023 டிசம்பரில் தண்டிக்கப்பட்ட பொன்முடி, உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் 2024 மார்ச்சில் மீண்டும் அமைச்சரானார். அந்த வேகத்துக்குப் பெரிய வக்கீல்கள் வேண்டும். டெய்லருக்கு அது கட்டுப்படியாகாது. செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள் கெடு. தவறியிருந்தால் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். தண்டனையை முழுதாக அனுபவித்தவரும் நிரபராதி என்று வாதாடலாம். இலவச வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.