இரைப்பையின் புதிய வாசல்



உடல் பருமனுக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் குறித்து இரண்டு கேள்விகள் எழுவதுண்டு. "ஒரு மாதமாகியும் வாந்தி நிற்கவில்லையே, ஏன்?" என்பது ஒன்று. "அவ்வளவு இளைத்தவர் மறுபடியும் பெருத்துவிட்டாரே, வாயைக் கட்டவில்லையோ?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் காரணம் சில வேளைகளில் ஒரே சிறு துவாரத்தில் இருக்கிறது. அதை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

இரைப்பையையும் சிறுகுடலையும் இணைத்துப் புது வழி திறப்பது மிஷன் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. 1922, 1924 ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறச் சென்ற டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல், இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் பணி செய்தார். குடற்புண்ணால் அவதிப்பட்ட ஏராளமானவர்களுக்கு அவர் இவ்வித ஆபரேஷன் செய்தார். உணவு தடையின்றி இறங்குவதே அப்போது நோக்கம்.

புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் மெலிந்துபோவதை அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் மேசன் கவனித்தார். அதிலிருந்தே 1966-இல் பருமனுக்கான பைபாஸ் ஆபரேஷன் பிறந்தது. இன்று இம்முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை அமைத்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இணைப்புத் துவாரம் ஏறத்தாழ 1 முதல் 1.5 செ.மீ. அகலமே இருக்கும். பை சீக்கிரம் நிறைந்து மெதுவாகக் காலியாவதால் கொஞ்சம் உண்டாலே வயிறு நிறைகிறது.

ஆனால் இத்துவாரம் இரும்புக் குழாய் அல்ல, உயிருள்ள தசை. அது சுருங்கவும் கூடும், விரியவும் கூடும்.

சுருக்கம் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். தையல் ஆறும்போது தழும்பு இறுகுவதும், அவ்விடத்தில் புண் உண்டாவதும் காரணங்கள். முதலில் சோறு இறங்காது. பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீரும் திரும்பி வரும். "ஆபரேஷன் செய்தால் அப்படித்தான்" என்று வீட்டார் காத்திருப்பதுதான் பேராபத்து. உடலிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். அப்போது பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். தாமதித்தால் இக்குறைகள் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். இத்தகையவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், "இவருக்குப் பருமன் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வாந்தி நிற்கவில்லை" என்று முதலிலேயே சொல்லுங்கள். சுருக்கத்தை எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறு பலூனைச் செலுத்தி விரிக்கலாம். சிலருக்கு இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

விரிவு வருவது சில ஆண்டுகள் கழித்து. துவாரம் 2 செ.மீ.க்கு மேல் அகன்றால் உணவு விரைவில் இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வு நிலைக்காது. பசி திரும்பும், எடையும் ஏறும். எடை கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு; ஆனால் துவாரத்தைப் பார்க்காமலே ஒருவரைப் பெருந்தீனிக்காரர் என்று தீர்ப்பது நியாயமல்ல. எண்டோஸ்கோப்பி வழியாகவே உள்ளே தையல் போட்டு அதைக் குறுக்க இன்று வழியுண்டு.

இப்போது அதிகமாகச் செய்யப்படும் ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையைக் குழாய்போல் ஒடுக்குகிறார்கள்; இயற்கையான வாசல் அப்படியே இருக்கும். அங்கும் குழாயின் நடுவில் சுருக்கம் வரலாம். தொடரும் வாந்தி அங்கும் எச்சரிக்கைதான்.

எண்ணூரில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவர் பைபாஸ் செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். தூக்கம் வராமலிருக்க சர்க்கரை போட்ட டீ ஐந்தாறு முறை, நடுவில் பீடி, மூட்டை தூக்கிய முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை. பீடியும் வலி மாத்திரையும் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். இனிப்பு டீயோ பையில் தங்காமல் இறங்கி எடையைக் கூட்டும். இவருக்கு நாங்கள் சொல்வது: பீடியை விட்டுவிடுங்கள், கேளாமல் வலி மாத்திரை வாங்காதீர்கள், நன்றாக மென்று தின்னுங்கள், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள், வைட்டமின் மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வாருங்கள்.

அன்பானவர்களே, எடை திரும்பிய பலர் வெட்கத்தினாலேயே மருத்துவரிடம் வராமல் ஒதுங்கிவிடுகிறார்கள். கலியாண விருந்தில் அவர் இலையைப் பார்த்து நாம் சொல்லும் ஒரு வார்த்தை அந்த வெட்கத்தை வளர்க்கும். அதற்குப் பதிலாக, "டாக்டரைப் பார்த்தீர்களா? நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுவோம்.